அம்மா இருந்த அறையை ஒழிக்க வேண்டும், கை வரவில்லை

கேள்வி: எனக்கு 56 வயது, திருச்சியில் இருக்கிறோம். அம்மா போன வருஷம் வைகாசியில் தவறினார்கள். அப்பா போனபிறகு ஊர் வீட்டை விற்றுவிட்டு என்னோடுதான் இருந்தார்கள், அந்த வீட்டுச் சாமான் மொத்தமும் இங்கே வந்து ஒரு அறையும் இரண்டு பரணும் நிறைந்து கிடக்கிறது. இரண்டு பீரோ புடவை, பித்தளை, வெண்கலம், கொலு பொம்மைகள், அப்பாவின் டிரங்குப் பெட்டி நிறையக் கடிதங்கள், பைண்டு செய்த தொடர்கதைகள், அம்மாவின் வீல்சேர். மகளுக்குத் தை மாதம் பிரசவம், வளைகாப்பு முடிந்து கார்த்திகையில் இங்கே வருகிறாள். அவளுக்குக் கொடுக்க அந்த ஓர் அறைதான் இருக்கிறது. மகன், காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டு ஒரே நாளில் முடி என்கிறான். பெங்களூரில் இருக்கும் அண்ணன் "நீயே பார்த்துச் செய்" என்கிறார், ஆனால் பிறகு ஏதாவது கேட்பாரோ என்று பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக ஆரம்பித்தோம். பீரோவைத் திறந்து ஒரு புடவையை எடுத்தவள் அதை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன், சாயங்காலம் திரும்பப் பூட்டிவிட்டோம். எதைக் கொடுத்தாலும் அம்மாவையே வெளியே அனுப்புவது போல இருக்கிறது. இன்னும் அம்மாவின் போன் நம்பருக்கு ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறேன், இது பைத்தியக்காரத்தனமா?

பதில்:

முதலில் ரீசார்ஜ் விஷயம். பைத்தியக்காரத்தனம் இல்லை, வீடுகளை ஒழித்துக் கொடுப்பதே தொழிலாக இருக்கிற நான் இதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். நிறுத்தத்தான் வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் நிறுத்துவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அம்மாவின் போனிலிருக்கும் குரல் பதிவுகள், போட்டோக்கள், வாட்ஸ்அப் உரையாடல்கள் எல்லாவற்றையும் மகனிடம் கொடுத்துக் கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் ஏற்றச் சொல்லுங்கள், இரண்டு இடத்தில் இருக்கட்டும். வங்கி, கேஸ் இணைப்பு, மின்கட்டணம் என்று அந்த நம்பரோடு பிணைந்திருப்பவற்றை உங்கள் நம்பருக்கு மாற்றுங்கள். இணைப்பு துண்டிக்கப்பட்ட நம்பரைக் குறைந்தது 90 நாள் சும்மா வைத்திருந்துவிட்டு வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள், அதனால் நிறுத்துகிற அன்றைக்கே உங்கள் போனில் அந்த நம்பருக்கு 'அம்மா' என்றிருப்பதையும் மாற்றிவிடுங்கள். ஒரு நாள் அம்மா என்ற பெயருக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பையனின் படம் வந்து நிற்பதைப் பார்த்து உடைந்துபோனவர்கள் இருக்கிறார்கள்.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். உங்களால் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் எங்கே ஆரம்பித்தீர்கள் என்று பாருங்கள், புடவை பீரோவில். வீட்டிலேயே கடினமான இடம் அதுதான். அம்மாவின் வாசனை இருக்கிற இடம், ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு தீபாவளியும் ஒரு கல்யாணமும் இருக்கிற இடம். அதை முதலில் திறந்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான் உட்கார்ந்துவிடுவார்கள். நான் எந்த வீட்டிலும் புடவை பீரோவையும் கடிதப் பெட்டியையும் கடைசி வரை திறக்க விடுவதில்லை. வேண்டும், வேண்டாம் என்று முடிவெடுப்பதற்கு ஒரு கைப்பழக்கம் தேவைப்படுகிறது, அதை மனசு ஒட்டாத பொருள்களில்தான் பழக முடியும்.

உங்களுக்கு நல்ல அவகாசம் இருக்கிறது. ஆடி முடியப் போகிறது, கார்த்திகைக்கு முழுசாக மூன்று மாதம். ஆவணியில் நினைவோடு சம்பந்தமில்லாத சாமான்களும் காகிதங்களும். புரட்டாசியில் எப்படியும் கொலுவுக்காகப் பொம்மைப் பெட்டி இறங்கும், அப்போது பரணும் பாத்திரமும் பொம்மையும். ஐப்பசியில் புடவை. கடிதத்துக்கும் போட்டோவுக்கும் கெடுவே கிடையாது, அவை அறையை அடைத்துக்கொண்டிருக்கவில்லை, ஒரு பெட்டிதான்.

தினம் ஒரு மணி நேரம் போதும். காலையில் செய்யுங்கள், சாயங்காலம் மனசும் உடம்பும் அசந்திருக்கும், அசந்த நேரத்தில் ஒன்று எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளத் தோன்றும், இல்லை எல்லாவற்றையும் வீசத் தோன்றும். ஒரு நாளைக்கு ஒரு தட்டு, அல்லது ஒரு பெட்டி. அறை முழுவதையும் தரையில் கொட்டிப் பரப்பாதீர்கள், அந்த மலையைப் பார்த்ததுமே பாதி உயிர் போய்விடும். கொடுப்பது என்று முடிவானது அன்றைக்கே வாசலைத் தாண்டிவிட வேண்டும். கதவோரம் பையில் கட்டி வைத்தது நாலு நாளில் திரும்பப் பிரிக்கப்படும், அதில் பாதி மறுபடி உள்ளே போகும்.

ஆவணியில் எடுக்க வேண்டியவை உங்களுக்கே தெரியும். பழைய தலையணை, மூடி தொலைந்த டப்பா, ஓடாத மிக்சி, சார்ஜர் வயர்கள், கம்பளி என்ற பெயரில் கிடக்கும் நைந்த போர்வை. அம்மாவின் மீதி மருந்துகளை யாருக்கும் கொடுக்க வேண்டாம், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் சரி. வீல்சேர், வாக்கர், கட்டிலில் கிடந்தபோது வாங்கிய காற்று மெத்தை ஆகியவற்றை மட்டும் நல்ல நிலையில் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். உங்கள் தெருவிலேயே யாராவது ஒரு வீட்டில் இப்போது அது தேவைப்படும், இல்லாவிட்டால் முதியோர் இல்லங்களையும் வலி தணிப்பு சிகிச்சை தருகிற அமைப்புகளையும் கேளுங்கள், அவர்கள் இரவல் கொடுத்து வாங்குவார்கள். பூட்டி வைத்த வீல்சேரின் டயர் வெடித்து, சீட் விட்டுப்போய், பிறகு ஒருத்தருக்கும் உதவாது. நோயின் நினைவைச் சுமக்கும் சாமான் வீட்டை விட்டுப் போனதும் உங்களுக்கே மூச்சு கொஞ்சம் லேசாகும். அம்மாவை நோயாளியாக இல்லாமல் நடமாடிய அம்மாவாக நினைக்க அப்போதுதான் இடம் கிடைக்கும்.

காகிதத்தில் அவசரமே கூடாது. பழைய பேப்பர்க்காரர் தராசோடு வருவதற்கு முன் ஒவ்வொரு தாளையும் நீங்களோ கணவரோ கையால் திருப்பியிருக்க வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் ஃபிக்ஸட் டெபாசிட் ரசீதைப் பஞ்சாங்கத்துக்குள்ளும், தபால் ஆபீஸ் பாஸ்புக்கைச் சமையல் புத்தகத்துக்குள்ளும், ரூபாய் நோட்டைப் புடவை மடிப்பிலும் வைப்பவர்கள். ஊர் வீட்டை விற்றபோது பத்திரங்கள் கைமாறியிருக்கும், ஆனால் விற்பனைப் பத்திர நகல், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வருமான வரிக் காகிதங்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். 10 வருஷம் தொடாத வங்கிக் கணக்கில் உள்ள பணம் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் ஒரு நிதிக்குப் போய்விடும், ஆனால் வாரிசுகள் எப்போது வேண்டுமானாலும் கேட்டுப் பெறலாம். பல வங்கிகளில் அப்படிக் கிடக்கும் தொகையை ஒரே இடத்தில் தேடுவதற்காகவே 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்கம் என்ற இணையதளத்தைத் தொடங்கியது, அப்பா பெயரையும் அம்மா பெயரையும் போட்டுப் பாருங்கள். அப்பா காகித வடிவில் ஷேர் பத்திரம் வைத்திருந்தால் அதையும் தூக்கிப் போடாதீர்கள், 7 வருஷம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காத பங்குகள் அரசின் முதலீட்டாளர் நிதிக்கு மாறியிருந்தாலும் மனுப்போட்டு மீட்கலாம். 2016ல் செல்லாமல் போன 500, 1000 ரூபாய் நோட்டு கிடைத்தால் ஞாபகத்துக்கு ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளலாம். 10 நோட்டுக்கு மேல் வைத்திருப்பது 2017ஆம் வருஷச் சட்டப்படி அபராதத்துக்குரியது, கட்டாகக் கிடைத்தால் ஒரு வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணன் விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. "நீயே பார்த்துச் செய்" என்று சொல்கிறவர்கள் ரெண்டு வருஷம் கழித்து, அம்மாவோட வெள்ளிக் குங்குமச்சிமிழ் எங்கே என்று கேட்பார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்பதாக நினைக்காதீர்கள், அவருக்கும் அம்மாதானே, துக்கம் அவருக்கு அப்போதுதான் வந்திருக்கும். உயில் எழுதாமல் போயிருந்தால் அம்மாவின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு, 1956ஆம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்வது அது, நகையும் வெள்ளியும் அதில் சேரும். ஆகையால் தங்கம், வெள்ளி இரண்டையும் போட்டோ எடுத்து, எடை போட்டு, ஒரு தாளில் எழுதி அண்ணனுக்கும் அண்ணிக்கும் அனுப்புங்கள். மற்ற சாமானுக்குப் போட்டோ மட்டும் போதும், பட்டுப் புடவைகளை ஐப்பசியில் பீரோவைத் திறக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம். "இதில் உங்களுக்கு எது வேண்டும், விநாயகர் சதுர்த்திக்குள் சொல்லுங்கள்ண்ணா, அதற்குப் பிறகு நான் கொடுக்க ஆரம்பித்துவிடுவேன்" என்று நாள் குறித்துச் சொல்லுங்கள். வேண்டும் என்று சொன்னதை அவர் வந்து எடுத்துப் போகட்டும், அல்லது பார்சலில் அனுப்புங்கள். "இப்போதைக்கு உன்கிட்டயே இருக்கட்டும்" என்றால், தை மாதம் அந்த அறையில் குழந்தை இருக்கும் என்று சொல்லிவிடுங்கள். இதைச் சொல்வது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் சொல்லுங்கள்.

பரணுக்கு நீங்கள் ஏற வேண்டாம். 56 வயதில் ஸ்டூல் போட்டு ஏறிப் பித்தளை அண்டாவைத் தூக்குவது இடுப்பெலும்புக்கு ஆகாது, தேள் இருக்கிற இடம் வேறு. ஓர் ஆளை வைத்து மொத்தமாக இறக்கி, வெயிலில் வைத்து, தூசு தட்டிய பிறகு பாருங்கள். பாத்திரங்களைத் திருப்பி விளிம்புக்குக் கீழே பாருங்கள், பெயர் வெட்டியிருப்பார்கள். அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வரில் கொடுத்தவர் பெயரும் தேதியும் இருக்கும், பழைய வெண்கலத்தில் நீங்கள் பார்த்தேயிராத ஒரு கொள்ளுப்பாட்டியின் இனிஷியல் இருக்கும். அதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். என் கணக்கு எளிமையானது: இந்தப் பாத்திரத்தில் இந்த மாதம் சமைப்பேனா? வெண்கலப் பானையில் பொங்கல் வைப்பீர்கள் என்றால் அதைக் கீழே சமையலறைக்குக் கொண்டுவாருங்கள், பரணுக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். பித்தளையில் சமைப்பதாக இருந்தால் உள்ளே வெள்ளீயம் பூசாமல் புளி சேர்ந்த எதையும் வைக்கக் கூடாது. ஈயச்சொம்பு இருந்தால் காலியாக அடுப்பில் வைத்துவிடாதீர்கள், உருகி ஓடிவிடும். மகளுக்கோ மருமகளுக்கோ பிடித்தது ஒன்றிரண்டு போகட்டும். ஐம்பது பேருக்கு வடிக்கிற அண்டாவும் குண்டானும் இனி உங்கள் வீட்டில் ஏறப் போவதில்லை. தெருக்கோயிலிலோ ஊர்ப்பக்கத்துக் கோயிலிலோ அன்னதானம் நடந்தால் கேட்டுப் பாருங்கள், கேட்டு வாங்கிக்கொள்கிற கோயில்கள் உண்டு, அங்கே அது மறுபடி அடுப்பேறும். மீதியைப் பாத்திரக் கடையில் எடைக்குப் போடலாம், இரண்டு கடையில் விலை கேளுங்கள், பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் விலை வேறு, இரண்டையும் கலந்து தராசில் வைக்க விடாதீர்கள்.

ஓலைச்சுவடி எதுவும் பெட்டிக்குள் இருந்தால் அதை மட்டும் துடைக்கவோ எண்ணெய் தடவவோ வேண்டாம். சென்னையில் அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் உ.வே.சாமிநாதையர் நூலகமும் இருக்கின்றன, கேட்டுவிட்டுத் தொடுங்கள். பைண்டு செய்த தொடர்கதைகளுக்கும் இதே மாதிரி ஓர் இடம் உண்டு. பத்திரிகையில் வந்த ஓவியத்தோடும் விளம்பரத்தோடும் அப்படியே தைத்து வைத்த தொகுப்புகள் ஆராய்ச்சி செய்பவர்களுக்குப் பொக்கிஷம். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் வாழ்நாள் முழுக்கத் தேடிச் சேர்த்த அச்சுப் பிரதிகளை வைத்துத்தான் 1994ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் உருவானது, அவர் கல்யாணப் பத்திரிகையையும் நாடக நோட்டீசையும்கூடச் சேர்த்தவர். உங்களுக்குப் பக்கத்திலேயே புதுக்கோட்டையில் ஞானாலயா என்ற ஆய்வு நூலகம் இருக்கிறது. அட்டைகளைப் போட்டோ எடுத்து, வருஷத்தைக் குறிப்பிட்டு, வேண்டுமா என்று கேட்டு எழுதுங்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள், அவர்களிடம் இல்லாததாக இருந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். கரையான் தின்றவற்றை வேறு வழியில்லை, எடைக்குப் போடுங்கள். அம்மா திரும்பத் திரும்பப் படித்த ஒரே ஒரு தொகுப்பை உங்களுக்காக நிறுத்திக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மேலே சொன்ன ஒவ்வொரு சாமானுக்கும் போகிற இடத்தைச் சொன்னேன், கவனித்தீர்களா? உங்கள் கை வராததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். உங்கள் மகன் "தூக்கிப் போடு" என்கிறான், தூக்கிப் போடுவது என்றால் எங்கே போகும் என்று தெரியாது, குப்பை வண்டியில் அம்மாவின் பொருள் கிடப்பது கண்ணுக்குள் வருகிறது, உடனே கை பின்வாங்குகிறது. இன்ன வீட்டுக்கு, இன்னாருக்கு, இந்த உபயோகத்துக்கு என்று தெரிந்துவிட்டால் அதே கை நீட்டிக் கொடுக்கும். அதனால் ஒவ்வொரு பொருளையும் எடுக்கும்போது இது வேண்டுமா என்று கேட்காதீர்கள், இது யாரிடம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று கேளுங்கள். சில பொருள்களுக்கு அந்தப் பதில் "என்னிடம்" என்றுதான் வரும், அவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கொலு பொம்மைகள் இதற்கு நல்ல ஆரம்பம். இந்தப் புரட்டாசியில் எல்லாப் படியும் கட்டி, அம்மா வைப்பது போலவே முழுக்கொலு வையுங்கள். அதை ஒரு நல்ல போட்டோ எடுங்கள். வெற்றிலைபாக்குக்கு வருகிற சின்னப் பெண்களுக்கு, புதுசாகக் கொலு ஆரம்பித்த வீடுகளுக்கு, ஆளுக்கொரு பொம்மையைக் கொடுங்கள், கொடுக்கும்போது இது எங்கே வாங்கியது, அம்மா எந்தப் படியில் வைப்பார்கள் என்று சொல்லிக் கொடுங்கள். கொலுவை ஒன்றிலிருந்து ஆரம்பிக்க நினைக்கிறவர்களுக்குப் பழைய மண் பொம்மை கிடைப்பது பெரிய விஷயம், இப்போது கடைகளில் பெரும்பாலும் காகிதக்கூழ் பொம்மைகள்தான். மரப்பாச்சி ஜோடியையும் அம்மாவுக்குப் பிடித்த செட் ஒன்றையும் மகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கழுத்து உடைந்தவற்றை ஆற்றில் விடுவதாக இருந்தால் வெறும் மண்ணாக, பெயிண்ட் இல்லாததாக இருக்க வேண்டும், மற்றதைக் காவிரியில் போடாதீர்கள்.

இப்போது புடவை. ஐப்பசி பிறந்த பிறகுதான் பீரோவைத் திறக்கிறீர்கள், நீங்கள் தனியாகத் திறக்க வேண்டாம், சித்தியோ அத்தையோ, அம்மாவை அறிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பேசிக்கொண்டே செய்கிற வேலை இது. அழுகை வந்தால் வரட்டும், அதற்காக நிறுத்த வேண்டியதில்லை.

பட்டு, நூல், சிந்தெடிக் என்று மூன்றாகப் பிரியுங்கள். சிந்தெடிக்கைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம், கிழியாதவை வீட்டு வேலைக்கு வருபவருக்கும் இல்லங்களுக்கும் போகலாம். இல்லங்களுக்குக் கொடுப்பதற்கு முன் போன் செய்து என்ன வேண்டும் என்று கேளுங்கள், பல இடங்களில் புடவை மலை போல் குவிந்திருக்கும், அவர்களுக்கு வேண்டியது பெட்ஷீட்டாகவோ நைட்டியாகவோ இருக்கும். பழைய துணியை ஊர்ப்புறங்களுக்குக் கொண்டுபோகிற கூஞ்ச் போன்ற அமைப்புகள் நைந்த பருத்தியைக்கூட வாங்கி மாதவிடாய்த் துணி தைக்கிறார்கள், ஆனால் துவைத்துக் காய்ந்ததாக இருக்க வேண்டும். ரவிக்கை, உள்பாவாடை, உள்ளாடை ஆகியவற்றை யாருக்கும் கொடுக்காமல் நீங்களே அப்புறப்படுத்திவிடுங்கள்.

பட்டில் கூறைப்புடவையை எடுத்து ஓரமாக வையுங்கள், அதைப் பற்றிப் பேச்சே இல்லை, அது உங்களிடமோ அண்ணன் வீட்டிலோ இருக்க வேண்டியது. மீதியை உறவுப் பெண்கள் தேர்ந்தெடுக்கட்டும். வளைகாப்பு அன்றைக்கு எல்லோரும் வருவார்களே என்று தோன்றும், அன்று வேண்டாம், மங்கல காரியத்தில் போனவருடைய புடவையை எடுத்து வைப்பது சிலருக்கு மனசுக்கு ஒப்பாது. அதற்கு முன்னால் ஒரு ஞாயிறு சித்தி, அத்தை, அண்ணி, அக்கா தங்கை முறையில் இருப்பவர்கள் எல்லோரையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, புடவைகளைக் கட்டிலில் பரப்பி, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கட்டுகிறவர்களுக்குக் கொடுங்கள். எனக்குத் தெரிந்து ஒரு வீட்டில் மாம்பழக் கலரில் அரக்கு பார்டர் போட்ட புடவை ஒன்றை மூத்த மருமகள் எடுத்துக்கொண்டாள், அடுத்த மாதமே ஒரு கிருகப்பிரவேசத்துக்கு அவள் அதைக் கட்டிக்கொண்டு வந்தபோது, மாமியாரின் தங்கை அவளைப் பின்பக்கமாகப் பார்த்துவிட்டு "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டார். அந்தப் புடவை பீரோவில் இருந்திருந்தால் மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருக்கும். பட்டு அப்படித்தான், ஒரே மடிப்பில் வருஷக்கணக்காக இருந்தால் அந்தக் கோட்டிலேயே நூல் விட்டுவிடும். நீங்கள் வைத்துக்கொள்வதைப் பிளாஸ்டிக் கவரில் போடாமல் மல்துணியில் சுற்றி, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள்.

கிழிந்த பட்டை விற்கலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக விற்கலாம், அதில் அம்மாவுக்கு எந்த அவமரியாதையும் இல்லை. பழைய அசல் ஜரிகை என்பது பட்டு நூலில் வெள்ளிக் கம்பி சுற்றி மேலே தங்கம் ஏற்றியது, கடைக்காரர் அந்த வெள்ளிக்குத்தான் விலை போடுகிறார். செம்புக் கம்பி ஜரிகைக்கும் பிளாஸ்டிக் ஜரிகைக்கும் ஒன்றும் கிடைக்காது. வீட்டு வாசலில் கூவிக்கொண்டு வருபவரிடம் போடாமல் கடைக்கு எடுத்துப் போங்கள், உங்கள் கண்ணெதிரில் சோதிக்கச் சொல்லுங்கள்.

நூல் புடவைகளைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். அம்மா வீட்டில் கட்டிய சுங்குடி, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன கைத்தறி, அவற்றை யாருக்கும் கொடுக்காதீர்கள். தை மாதம் உங்கள் வீட்டில் குழந்தை வரப்போகிறது. பிறந்த குழந்தைக்கு அடியில் விரிக்க, சுற்ற, ஈரம் ஒற்ற, தூளி கட்ட இதைவிடத் துணி கடையில் கிடைக்காது, நம் வீடுகளில் பாட்டி புடவையில்தான் குழந்தைகள் வளர்ந்தன. ஆனால் மூன்று விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். அம்மா பீரோவில் பாச்சை உருண்டை போட்டிருந்தால் அந்த வாசனை துணியில் துளி இருக்கும்வரை குழந்தையின் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். நாப்தலீன் உருண்டை பட்ட துணியால், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு ரத்த அணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை முற்றுவது மருத்துவர்கள் நன்கு அறிந்த விஷயம், உங்கள் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்பது பிறந்தவுடன் தெரியாது. அதற்கு மட்டும் பீரோவை ஒரு நிமிஷம் திறந்து, உருண்டைகளை இப்போதே எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, அறையின் ஜன்னலைத் திறந்து வையுங்கள், துணிகளைப் பல தடவை துவைத்து நல்ல வெயிலில் நாள்கணக்கில் காய வையுங்கள், அப்படியும் வாசனை போகாததைக் குழந்தைக்கு எடுக்காதீர்கள். இரண்டாவது, தூளிக்கு எடுக்கிற புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து முழுபலத்தோடு இழுத்துப் பாருங்கள். நைந்து இழை விட்டிருந்தால் அது விரிப்புக்கு மட்டும்தான், தொங்கவிட ஆகாது. அப்புறம், தூளியில் குழந்தை இருக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், ராத்திரித் தூக்கத்துக்குக் கெட்டியான சமதரைப் படுக்கைதான் நல்லது. இதையெல்லாம் கவனித்துக்கொண்டால், அம்மாவின் புடவையில் உங்கள் பேரக்குழந்தை கிடக்கும், அதற்கு மேல் அந்தத் துணிக்கு என்ன வேண்டும்?

கடிதங்களையும் போட்டோக்களையும் குழந்தை பிறந்த பிறகுகூடப் பார்க்கலாம். இப்போது செய்ய வேண்டியது, ரப்பர் பேண்டையும் குண்டூசியையும் எடுத்துவிடுவது (ரப்பர் உருகி ஒட்டும், ஊசி துருப்பிடித்துத் தாளைத் தின்னும்), ராமபாணப் பூச்சி இல்லாத உலர்ந்த பெட்டிக்கு மாற்றுவது. போட்டோவில் அவசரம் வேறு மாதிரி: அதில் இருப்பவர்கள் யார் என்று சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். சித்தி வரும் ஞாயிறன்று ஆல்பத்தை அவர் மடியில் வைத்து, அவர் சொல்லச் சொல்லப் போனில் பதிவு செய்யுங்கள், பிறகு பென்சிலால் பின்பக்கம் லேசாக எழுதிக்கொள்ளலாம். பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், பல் இடுக்கு சுத்தம் செய்கிற நூலை அடியில் நுழைத்து மெதுவாக அறுத்தாற்போல் எடுக்கலாம். சின்னப் படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கல்யாண வீடியோ கேசட் இருந்தால் அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும், கேசட்டை ஓட்டும் விசிஆர் கருவி தயாரிப்பதை உலகத்தின் கடைசி நிறுவனமும் 2016ல் நிறுத்திவிட்டது, ஓடுகிற கருவி இருக்கும் கடைகள் குறைந்துகொண்டே வருகின்றன. கேசட்டில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டிப் பார்க்காமல் கடையில் கொடுங்கள்.

கொடுப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதற்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக விடுதிகளில் செய்த ஒரு சோதனை 2017ல் வெளியானது. நினைவுப் பொருளைப் படம் எடுத்துக்கொண்டு பிறகு கொடுங்கள் என்று சொன்ன விடுதிகளில், வெறுமனே கொடுங்கள் என்று சொன்ன விடுதிகளைவிடச் சுமார் 15 சதவீதம் அதிகமான பொருள்கள் வந்தன. நினைவு போய்விடுமோ என்கிற பயம் படம் எடுத்ததும் குறைகிறது. உங்கள் மகனுக்கு இந்த வேலையைக் கொடுங்கள், அவனும் பாட்டியின் பேரன்தான், "ஒரே நாளில் முடி" என்பதற்குள்ளே அவனுக்கும் ஏதோ இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் வைத்துக்கொள்வது ஒரு டிரங்குப் பெட்டி அளவு இருக்கட்டும். கூடவே, பெட்டிக்குள் போகாமல் தினமும் கையில் படுகிற மாதிரி இரண்டு மூன்று பொருள்: அம்மாவின் அஞ்சறைப்பெட்டி, கரண்டி, காபி டபரா. அம்மாவின் கையெழுத்தில் பால் கணக்கும் ஊறுகாய் அளவும் இருக்கும் நோட்டு கிடைத்தால் அது பெட்டியில் வேண்டாம், சமையலறையில் வையுங்கள். முடிவெடுக்க முடியாதவற்றை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, ஒட்டி, மேலே அடுத்த ஆடிப்பெருக்குத் தேதியை எழுதிவிடுங்கள். அதுவரை திறக்கத் தோன்றவில்லையென்றால் அடுத்த ஆடியில் அந்தக் கேள்விக்குப் பதில் சுலபமாக வரும். போகிக்கு எரித்துவிடலாம் என்று மட்டும் யாராவது சொன்னால் கேட்காதீர்கள், துணியும் பிளாஸ்டிக்கும் எரிகிற புகையில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கக் கூடாது.

பெயிண்ட் அடிப்பதாக இருந்தால் ஐப்பசி கடைசிக்குள் அடித்து முடித்து, மகள் வருவதற்கு முன் இரண்டு மூன்று வாரம் அறை காற்றாடட்டும்.

வருஷம் தாண்டியும் தூக்கம் இல்லாமல், சாப்பாடு பிடிக்காமல், வெளியே போகவே தோன்றாமல் இருந்தால் அதை வீடு ஒழிக்கிற ஒருவரால் சரிசெய்ய முடியாது, மனநல ஆலோசகரிடம் பேசுங்கள், 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவை தமிழிலும் கிடைக்கிறது. கடிதத்தில் அப்படி எதுவும் நீங்கள் சொல்லவில்லை, இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

கார்த்திகை பிறந்தும் புடவை பீரோவைத் திறக்க முடியவில்லை என்றால், திறக்க வேண்டாம். இரண்டு ஆளை வைத்துப் பூட்டியபடியே ஹாலுக்கு நகர்த்திவிடுங்கள், உள்ளே பாச்சை உருண்டை இருந்தால் அதை மட்டும் முன்னாலேயே எடுத்திருக்க வேண்டும். மகளுக்குத் தேவை அந்த அறைதான், அது காலியாகிவிட்டது. குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்து மகள் புக்ககம் கிளம்புவதற்கு முன் அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறக்கலாம்.